தமிழ்த் திரைக்கு முதல் போட்டவர்

தென்னிந்திய நடிகர் சங்கத்துக்கு 2019-ஆம் ஆண்டு நடந்த தேர்தல் பலருக்கு நினைவிருக்கலாம். போட்டியிட்ட இரண்டு அணிகளில் ஒன்று, சுவாமி சங்கரதாஸ் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது. திரைப்பட நடிகர்களின் தேர்தலில், ஒரு திரைப்படத்திலும் நடிக்காத, தமிழ் பேசும் படம் ஒன்றைக்கூடப் பார்க்க வாய்ப்பில்லாத ஒருவரின் பெயர். முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31 அன்று வெளியானபோது, அவர் இறந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அந்தப் பெயர்த் தேர்வில் பிழை இல்லை. ஒரு தொழிலுக்கு மூலதனம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது பொருளாதாரம் கற்பித்தவர்களின் பழக்கம். தமிழ் சினிமாவைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டால், விடையின் பெரும்பகுதி தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூருக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகள் அவ்வூரில் 1867 செப்டம்பர் 7 அன்று பிறந்தார். தந்தை தாமோதரன் தமிழறிந்தவர்; மகனின் முதல் ஆசிரியரும் அவரே. பின்னர் வண்ணச்சரபம் என்று அழைக்கப்பட்ட பழனி தண்டபாணி சுவாமிகளிடம் பாடம் கேட்டார். சந்தப் பாடல்களில் அக்காலத்தில் அவருக்கு நிகராகச் சொல்லத்தக்கவர் எவருமில்லை. வெண்பா, கலித்துறை, சந்தம், சிந்து என்று எந்த வடிவமும் நினைத்த மாத்திரத்தில் கைவருகிற பயிற்சி சங்கரதாஸுக்கு அங்கேதான் கிடைத்தது. உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருடன் பயின்றவர்.

புலமை சோறு போடாது என்பதை அந்தக் காலத்துத் தமிழ்ப் புலவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. சங்கரதாஸ் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராகச் சேர்ந்தார். உப்பு அப்போது அரசின் கெடுபிடிக்கும் வரிக்கும் உட்பட்ட சரக்கு. உள்ளே வந்த மூட்டை, வெளியே சென்ற மூட்டை, எடை, கழிவு, வரி என்று ஒவ்வொன்றும் பேரேட்டில் ஏற வேண்டும். 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை வந்துவிட்டது. கொழும்புக்குக் கப்பலேறும் தொழிலாளர்களும் வணிகர்களும் அந்த ரயிலில்தான் வந்து இறங்கினார்கள். பரதவர்கள் முத்துக்குளித்த பழைய துறைமுகம், உப்பும் பருத்தியும் மனிதர்களும் ஏற்றுமதியாகும் புதிய ஊராக மாறிக்கொண்டிருந்தது. அந்த மாற்றத்தின் ஓரத்தில் ஓர் இளைஞர் உப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

24-ஆம் வயதில், அதாவது 1891 வாக்கில், அந்த வேலையை விட்டு நாடகத்தில் சேர்ந்தார். அதே 1891-இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். இந்த இரண்டு தொடக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. சம்பந்த முதலியாருடையது வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் பொழுதுபோக்குக்காக நடித்த சபை. பின்னாளில் நீதிபதியாகவும் இருந்த அவர், மேடை நினைவுகளைப் பல பாகங்களாக எழுதி வைத்தார், 90 வயதைக் கடந்து வாழ்ந்தார், பத்மபூஷண் விருதும் பெற்றார். சங்கரதாஸ் சேர்ந்த உலகத்தில் நடிப்பு என்பது கூலிக்குச் செய்யும் வேலை. கூத்தாடி என்பது அங்கே வசைச்சொல். அவர் தம்மைப் பற்றி ஒரு பக்கமும் எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவருடைய மாணவர் அவ்வை தி.க. சண்முகம் நன்றியுடன் எழுதி வைத்தது. நம் நாடக வரலாற்றில் யார் எந்த அளவுக்கு நினைக்கப்படுகிறார்கள் என்பதிலும் வர்க்கம் குறுக்கிடத்தான் செய்கிறது.

முதலில் அவர் நடிகராகவே இருந்தார். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று அச்சமூட்டும் வேடங்கள். அவருடைய நடிப்பு வாழ்க்கை முடிந்த விதத்தைப் பற்றி ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்றவரைக் கண்ட ஒரு பெண் அதிர்ச்சியில் உயிரிழந்தார் என்றும், எமனாக அவர் மேடையில் தோன்றியதைக் கண்ட கருவுற்ற பெண் ஒருவருக்குக் கரு கலைந்தது என்றும், அதன் பிறகு அவர் வேடம் கட்டுவதை விட்டார் என்றும் கூறுவர். இவற்றை அப்படியே ஏற்பதா என்று கேட்டால், எனக்குத் தயக்கம் உண்டு. சினிமா பிறந்த பாரிஸிலும் இதேபோல ஒரு கதை உண்டு. லூமியர் சகோதரர்களின் படத்தில் ரயில் எதிரே வருவதைக் கண்டு மக்கள் எழுந்து ஓடினார்கள் என்று. ஒரு புதிய கலை மக்களைப் பிடித்துக்கொள்ளும்போது இத்தகைய கதைகள் அதைச் சுற்றி முளைக்கின்றன. உறுதியாகத் தெரிவது, அவர் நடிப்பிலிருந்து விலகி, சூத்திரதாரராகவும் ஆசிரியராகவும் ஆனார் என்பது. பின்பு சில காலம் துறவு மேற்கொண்டு தலயாத்திரை சென்றார். சுவாமிகள் என்ற அடைமொழி அதன் பின் நிலைத்தது. யாத்திரை முடிந்து புதுக்கோட்டைக்கு வந்தவரை, கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை தம் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார். தாளத்தின் நுட்பங்கள் அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்தன.

இனி அவர் செய்ததுதான் முக்கியம். அக்கால நாடக மேடையில் எழுதி வைத்த உரையாடல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கதை எல்லோருக்கும் தெரியும். பாட்டுக்கள் சில மனப்பாடம். மற்றவை நடிகரின் நாவன்மை. திறமையுள்ளவர் மேடையை அள்ளிக்கொண்டு போவார். போட்டி முற்றினால் அர்ஜுனனும் அல்லியும் கதையை விட்டுவிட்டு ஒருவரையொருவர் சொந்த முறையில் ஏசிக்கொள்வதும் உண்டு. இந்த ஒழுங்கின்மைக்குள் சுவாமிகள் எழுத்தைக் கொண்டுவந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, அல்லி அர்ஜுனா, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், இலவகுசா, பிரகலாதன் என்று அவர் எழுதியவை 60-க்கும் மேல் என்பர். இன்று நூல் வடிவில் கிடைப்பவை அவற்றில் ஒரு பகுதியே. ஷேக்ஸ்பியரும் அவர் கைக்குத் தப்பவில்லை. கிறிஸ்தவ மக்களிடையே வழங்கிய ஞானசௌந்தரியின் கதையையும் நாடகமாக்கினார். பனிமய மாதாவின் தேர் ஓடும் ஊருக்குப் பக்கத்தில் பிறந்த சைவருக்கு அது அயல் கதையாகத் தோன்றியிராது. 1910-இல் அவர் தொடங்கிய குழுவுக்குச் சமரச சன்மார்க்க நாடக சபை என்று பெயர், வள்ளலாரின் சொல். எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் அங்கே பயின்றது.

எழுதப்பட்ட பாடம் என்பது எவ்வளவு பெரிய பொருளாதார நிகழ்வு என்பதை நான் சிறுவனாக எங்கள் பக்கத்துக் கோயில் கொடையில் வள்ளி திருமணம் பார்த்தபோது உணரவில்லை. இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும் வரை நடக்கும். முருகன் ஓர் ஊரிலிருந்து வந்திருப்பார், வள்ளி வேறோர் ஊரிலிருந்து, நாரதர் மற்றோர் ஊரிலிருந்து. ஆர்மோனியக்காரரையும் பபூனையும் தனித்தனியாகப் பேசி அமர்த்தியிருப்பார்கள். ஒத்திகை கிடையாது. மாலையில் வேடம் போடும் இடத்தில்தான் சிலர் ஒருவரையொருவர் முதன்முறை பார்த்துக்கொள்வார்கள். ஸ்பெஷல் நாடகம் என்று இதற்குப் பெயர். எப்படி முடிகிறது? எல்லோருக்கும் சுவாமிகளின் பாடம் தெரியும் என்பதால் முடிகிறது. எந்தத் தொழிற்சாலையில் செய்த திருகும் எந்த மரையிலும் பொருந்த வேண்டும் என்று அளவுகளைத் தரப்படுத்தியதுபோல, அவர் தமிழ் நாடகத்தைத் தரப்படுத்தினார். நடிகர் ஒரு முதலாளியின் கம்பெனியோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. பாடத்தைக் கற்றவர் எந்த ஊர் மேடையிலும் ஏறிச் சம்பாதிக்கலாம், பேரம் பேசலாம். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1926-இல் கொழும்பு மேடையில் இணைந்ததும் இப்படிப்பட்ட ஏற்பாட்டில்தான்.

தரப்படுத்தலின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெரிய நடிகர்கள் கட்டுக்கு அடங்கவில்லை என்பதால், சிறுவர்களை மட்டுமே கொண்ட நாடகக் குழுக்கள் தோன்றின. சுவாமிகள் 1918-இல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவற்றுள் புகழ்பெற்றது. தி.க. சண்முகம் தம் அண்ணன்மாருடன் அதில் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. சுவாமிகளின் ஆற்றலுக்குச் சான்றாக அபிமன்யு சுந்தரி நாடகம் பிறந்த கதையைச் சொல்வார்கள். உரையாடலும் பாட்டுமாக முழு நாடகத்தையும் ஒரே இரவில் எழுதி முடித்து, காலையில் பையன்களிடம் கொடுத்தாராம். அதை வியக்கலாம். ஆனால் அந்தப் பையன்கள் வீட்டையும் பள்ளியையும் விட்டு வந்தவர்கள் என்பதை மறந்துவிட்டு வியக்கக் கூடாது. பெற்றோரின் வறுமை அவர்களைக் கொண்டுவந்து விட்டது. பாடம், பாட்டு, அடி, இரவு முழுதும் நாடகம், பகலில் தூக்கம், அடுத்த ஊருக்கு ரயில். இன்றைய சட்டத்தின் பார்வையில் அது குழந்தைத் தொழில். மகரக்கட்டு என்னும் குரல் உடையும் பருவம் வந்தால், நேற்று வரை ராஜபார்ட்டாக இருந்தவனுக்கு வேலை இல்லை. புதுக்கோட்டை பி.யு. சின்னப்பாவுக்கு அதுதான் நேர்ந்தது. குரல் கெட்டு மேடையை விட்டு விலகி, சிலம்பமும் உடற்பயிற்சியும் பயின்று, பிறகுதான் திரையில் நாயகராக மீண்டார். மீளாதவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு எழுதியவர் எவருமில்லை.

சுவாமிகளின் இறுதிக் காலம் துயரமானது. 1921-இல் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் விழுந்தன. சொல்லையே தொழிலாகக் கொண்டவருக்குப் பேச்சும் போயிற்று. குழு அவரைக் கைவிடவில்லை. புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது 1922 நவம்பர் 13 அன்று, 55-ஆம் வயதில் காலமானார். மணமாகாதவர். சொத்து என்று ஒன்றும் விட்டுச் செல்லவில்லை. அவர் விட்டுச் சென்றது, மாணவர்களின் நினைவிலும் கையெழுத்துப் படிகளிலும் மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்களிலும் இருந்தது. அதற்கு உரிமைத்தொகை கேட்க யாருமில்லை.

அப்போது சினிமா வெகு தொலைவில் இல்லை. 1905-இலேயே திருச்சியில், ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். உப்புக் கணக்கரும் ரயில்வே வரைவாளரும் மாதச் சம்பளத்தை உதறிவிட்டுக் கொட்டகையை நம்பியவர்கள். ஒருவரிடம் கருவி இருந்தது. மற்றவரிடம் கதையும் பாட்டும் இருந்தன. இருவரின் உழைப்பும் ஒரே இடத்தில் சேர்ந்தது 1933-இல். கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்துடன் சேர்ந்து சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பேசும் படம் தயாரித்தார். படத்தின் பெயர் வள்ளி திருமணம். வள்ளியாக நடித்தவர் டி.பி. இராஜலட்சுமி. படம் நன்றாக ஓடியது.

அடுத்தடுத்த ஆண்டுகளின் படப் பட்டியலைப் பார்த்தால், சுவாமிகளின் நாடகப் பட்டியலைப் பார்ப்பது போலவே இருக்கும். சத்தியவான் சாவித்திரி, கோவலன், இலவகுசா, நல்லதங்காள், ஞானசௌந்தரி. கே. சுப்பிரமணியம் இயக்கிய பவளக்கொடி 1934-இல் வந்தது. மேடையில் அதே கதையில் பெயர் பெற்றிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் அதில் அறிமுகமானார்கள். அந்தப் படத்தில் ஏறக்குறைய 50 பாட்டுக்கள் இருந்தன. எதுவும் தானாக வெற்றி தந்துவிடவில்லை என்பதற்கு, ஏ.வி. மெய்யப்பனின் முதல் படமான அல்லி அர்ஜுனா தோல்வியடைந்ததே சான்று. புராணக் கதைகளும் நாட்டுக் கதைகளும் யாருக்கும் தனியுரிமை அல்ல என்பது உண்மை. ஆனால் மக்கள் மனத்தில் பதிந்திருந்த வடிவமும், எந்த இடத்தில் எந்தப் பாட்டு வரும் என்று அவர்கள் கொண்டிருந்த எதிர்பார்ப்பும் மேடை உண்டாக்கியவை. அந்த மேடையின் பாடம் பெரும்பாலும் சுவாமிகளுடையது. புதிய சரக்கு ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவருபவர் முதலில் செலவிடுவது, அதற்குத் தேவையை உண்டாக்கத்தான். தமிழ்ப் பட முதலாளிகளுக்கு அந்தச் செலவு இல்லை. தேவை, கதை, பாட்டு, பாடி நடிக்கத் தெரிந்த தொழிலாளர் ஆகிய நான்கையும் நாடகம் இலவசமாகக் கொடுத்துவிட்டது.

சமூகத்தில் சினிமா உண்டாக்கிய மாறுதல்களுக்கும் இது பொருந்தும். எல்லாச் சாதியினரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி கருதினார். அது ஆழமான கருத்து. ஆயினும் அந்த மாற்றத்தின் முதல் படியை நாடகக் கொட்டகையிலேயே காணலாம் என்பது என் எண்ணம். நாற்காலி, பெஞ்சு, தரை என்று அங்கே இடத்தைப் பிரித்தது நுழைவுச் சீட்டின் விலை. விலையும் ஒரு பாகுபாடுதான். ஆனால் காசு சேர்ந்தால் தாண்டக்கூடிய பாகுபாடு. கோயில் வாசலில் அந்த வாய்ப்பு இல்லாதவர்கள் அப்போது இலட்சக்கணக்கில் இருந்தார்கள்.

அரசியலும் மேடையிலிருந்தே திரைக்குப் போனது. சுவாமிகள் சீர்திருத்தம் பேசியவர் அல்லர்; கற்பு, கருமம், தெய்வ நீதி ஆகியவையே அவர் நாடகங்களின் அடித்தளம். ஆனால் அவர் கட்டிய வீட்டில் வேறு சிலர் வேறு விளக்கை ஏற்றினார்கள். வள்ளி தினைப்புனத்தில் பறவைகளை விரட்டும் காட்சியில் விசுவநாததாஸ், வெள்ளைக் கொக்குகளை விரட்டும் பாட்டைப் பாடுவார். கொக்கு எது என்பது கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வாசலில் காத்திருந்த காவலர்களுக்கும் தெரியும். மருத்துவர் குலத்தில் பிறந்த அவரோடு சமமாக நடிக்க மறுத்தவர்களும் உண்டு, அவருக்காகவே கூடிய கூட்டமும் உண்டு. பலமுறை சிறை சென்ற அவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார். மேடைக்குத் தேசியப் பாட்டுக்களை எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ்தான் காளிதாஸ் படத்துக்கும் பாட்டு எழுதினார். காளிதாசனின் கதைக்கு நடுவே காந்தியின் இராட்டைக்குப் பாட்டு வந்ததைப் பார்வையாளர் எவரும் விந்தையாகக் கருதவில்லை. மேடை அவர்களை அதற்குப் பழக்கியிருந்தது.

அந்தப் படத்தின் நாயகி இராஜலட்சுமி குழந்தைப் பருவத்தில் மணம் செய்விக்கப்பட்டு, அந்த மணவாழ்வு முறிந்து, தாயுடன் பிழைப்புத் தேடியவர். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய மேடையில் அவர் கால்வைக்கச் சுவாமிகளின் பாராட்டும் பரிந்துரையும் துணை நின்றன என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். 1936-இல் மிஸ் கமலா என்னும் படத்தை அவரே இயக்கினார். பாய்ஸ் கம்பெனிகளின் வழிவந்த எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் ஆகியோரின் கதையை நான் இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. அது தமிழ்நாட்டு அரசியல் வரலாறாகவே மாறிவிட்டது.

சினிமா நாடகத்திடம் வாங்கிய கடனைத் திருப்பித் தந்ததா? தி.க. சண்முகம் சகோதரர்களைப் போன்ற சிலர் 1935-இல் மேனகா படத்தில் நடித்த பின்பும் மேடையை விடாமல் நடத்தினார்கள். மற்றபடி கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரையரங்குகள் ஆயின. குரல் இருந்தவர்கள் படத்துக்குப் போனார்கள், இல்லாதவர்கள் கோயில் கொடைகளை நம்பி நின்றார்கள்.

சுவாமிகளின் சமாதி புதுச்சேரியில் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் அவருடைய நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடிப் பாடுகிறார்கள். தென் மாவட்டங்களில் பங்குனி பிறந்தால் ஸ்பெஷல் நாடகங்களுக்குத் தேதி கேட்டு ஊர்க்காரர்கள் மதுரைக்கும் புதுக்கோட்டைக்கும் இன்றும் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் நாடகம் பெரும்பாலும் வள்ளி திருமணம்தான். முன்பணம் கொடுத்து, ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார் என்று பேசி முடித்து, ரசீது வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த ரசீதில் நாடக ஆசிரியருக்கு என்று ஒரு வரி இருந்ததே இல்லை.